புதுப்பிப்பு: மூவர் அணியாக ஓட்டமும் சைக்கிளும்

திருகோணமலையின் உப்புவெளியிலிருந்து நிலாவெளிப் பக்கம் சென்று, கன்னியா வழியாகத் திரும்பும் சாகசப் போட்டிக்கு நானும் தங்கையும் மச்சானும் அணியாகப் பதிந்திருப்பதாகவும், எங்களுள் வேகம் குறைந்தவரை வரிசையில் எந்த இடத்தில் விடுவது என்றும் முன்பு கேட்டிருந்தேன். போட்டியை முழுமையாக முடித்துவிட்டோம்.

வேகம் குறைந்தவரே முன்னே செல்லட்டும் என்று ஓர் அண்ணா எழுதியிருந்தது ஓட்டத்தில் மிகச் சரியாக அமைந்தது. அணியினர் ஒன்றாகவே பாதையிலுள்ள ஒவ்வொரு சோதனைப் புள்ளியையும் தொடவேண்டும் என்பதால், முன்னே ஓடி நின்று காத்திருப்பதில் எந்த இலாபமும் இல்லை. ஆனால் சைக்கிளில், கச்சான் எனும் தென்மேற்குக் காற்று முகத்தில் அடித்த திரும்பு பாதையில், அந்த ஒழுங்கை மாற்றவேண்டியதாயிற்று. பலசாலியான மச்சான் முன்னே சென்று காற்றைத் தாங்க, அவருடைய பின்சில்லை ஒட்டியே தங்கை மிதித்ததால்தான் எங்கள் வேகம் குலையவில்லை. வழமையாக ஓயாமல் பேசும் அவள் அந்தப் பகுதி முழுவதும் ஒரு சொல்லும் பேசவில்லை.

கடற்கரை மணலில் ரயர்க் காற்றைச் சற்றுக் குறைத்தது பெரிதும் உதவியது. தார் வீதிக்கு ஏறியதும் கைப்பம்பால் மீண்டும் நிரப்பினோம். வரைபடம் 1:50,000 அளவுத்திட்டத்தில் இருந்ததால், 2 சென்ரிமீற்றரை 1 கிலோமீற்றராகக் கொண்டு தூரத்தைக் கணிப்பது எளிதாயிற்று.

எவ்வளவு தண்ணீர் கொண்டு போவது என்று கேட்ட தம்பிக்கு: நிழலற்ற அந்தப் பாதைக்கு ஆளுக்கு இரண்டு போத்தலேனும் வேண்டும், ஒன்றில் உப்பும் சீனியும் கரைத்து வையுங்கள்.