டிவைசிங் – ‘வனைதல்’ என்று சொல்லலாமா?

அன்புள்ள குழுவினருக்கு,

நாடகப் பயிற்சிக் குறிப்பு ஒன்றைத் தமிழாக்கும்போது ‘டிவைசிங்’ (devising) என்ற சொல்லில் சிக்கிக்கொண்டதைப் போன வாரம் எழுதியிருந்தேன். முன்பே எழுதிவைத்த பிரதி, அதாவது நாடக எழுத்து, இல்லாமல் தொடங்கி, செய்துபார்த்துச் செய்துபார்த்தே நாடகத்தை உருவாக்கும் முறை அது. மறுமொழி தந்த எல்லாருக்கும் நன்றி.

> ‘கூட்டுப் படைப்பு’ போதுமே, எல்லாருக்கும் உடனே புரியும்.

புரியும்தான். ஆனால் அது யார் செய்தார்கள் என்பதைச் சொல்கிறதே தவிர, எப்படிச் செய்தார்கள் என்பதைச் சொல்லவில்லை. இருவர் மேசையில் உட்கார்ந்து ஒரு நாடகத்தை எழுதினாலும் அது கூட்டுப் படைப்புதான். ஒரு நாற்காலியையும் ஒரு பழைய கடிதத்தையும் வைத்துக்கொண்டு தனியாளாக ஆற்றுகை (நிகழ்த்திக்காட்டல்) செய்துபார்ப்பவரோ கூட்டே இல்லாமல் டிவைசிங் செய்கிறார்.

> ‘பிரதியிலா அரங்கு’?

இதில் எனக்கு உடன்பாடே இல்லை. லண்டனில் 1974இல் தொடங்கிய ஜாயின்ட் ஸ்டாக் நாடகக் குழுவில் எழுத்தாளர் இருந்தார். முதலில் நடிகர்களோடு சில வாரப் பட்டறை, பிறகு எழுத்தாளர் தனியே போய் எழுதுவார், அப்புறம்தான் ஒத்திகை. ஆக, பிரதி வந்தது. பட்டறைக்குப் பிறகு வந்தது, அவ்வளவுதான்.

> ‘இம்ப்ரோவைசேஷன்’ என்பதும் இதுவும் ஒன்றுதானே?

இல்லை. இம்ப்ரோவைசேஷன் என்பது முன்தயாரிப்பு இல்லாமல் அந்தக் கணத்தில் தோன்றியதை நடிப்பது. (அந்தச் சொல்லை ‘இம்ப்ரூவ்’ என்று எண்ணி ‘மேம்படுத்தல்’ என்று பெயர்த்த ஒரு கையேட்டை நான் பார்த்திருக்கிறேன். ‘நடிகர்கள் பத்து நிமிடம் மேம்படுத்துவார்கள்’ என்று இருந்தது!) இந்த வேறுபாடு புத்தகத்தில் பிடிபடவில்லை, பயிற்சிக்கூடத்தில்தான் பிடிபட்டது. முதல் வாரம் தோன்றியதையெல்லாம் செய்தோம், விழுந்து விழுந்து சிரித்தோம். மறுநாள் அதில் ஒன்றைக்கூடத் திரும்பச் செய்ய முடியவில்லை. யார் எந்தப் பக்கம் திரும்பினார், எந்த இடத்தில் மௌனம் விழுந்தது, யாருக்கும் நினைவில்லை. பிறகு ஒருவர் வெளியே உட்கார்ந்து குறித்துக்கொள்ள ஆரம்பித்தார். பத்தில் எட்டைத் தள்ளினோம், மிஞ்சிய இரண்டைத் திரும்பத் திரும்பச் செய்து, இடம் மாற்றி அடுக்கினோம். டிவைசிங் அங்கேதான் தொடங்கியது. அதற்கு முன் நடந்ததெல்லாம் மண் வெட்டிக் கொண்டுவந்த வேலை.

நியூயார்க்கில் 1991இல் மோயிசஸ் காஃப்மன் நிறுவிய டெக்டானிக் நாடகக் குழு இதற்கு ஒரு எளிய உத்தி வைத்திருக்கிறது. ஒரு விளக்கோ, ஒரு சட்டையோ, ஒரு ஒலியோ கையில் எடுத்துக்கொண்டு, ‘தொடங்குகிறேன்’ என்று சொல்லி ஒன்றைச் செய்துகாட்டி ‘முடிக்கிறேன்’ என்று சொல்ல வேண்டும். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் இருப்பது ஒரு துணுக்கு. அப்படிச் சேர்ந்த துணுக்குகளை அடுக்கித்தான் நாடகம்.

மண் என்று சொன்னேன் அல்லவா, அங்கிருந்துதான் ‘வனைதல்’ எனக்குத் தோன்றியது. குயவர் மண்பாண்டம் செய்வதைத்தான் வனைதல் என்கிறோம். சக்கரம் சுற்றச் சுற்ற, கைபட்டுப் பட்டு வடிவம் எழுகிறது. பிடிக்கவில்லை என்றால் அதே மண்ணை அமுக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம். பழைய சொல்லும்கூட: புறநானூற்றின் 228ஆம் பாட்டில் குயவனைப் பார்த்து ‘வனைதல் ஒல்லுமோ நினக்கே’ என்று புலவர் கேட்கிறார். ‘புனைதல்’ ஓசையில் பக்கத்தில் நின்றாலும், கதை கட்டுவது, பொய் சொல்வது என்ற வாடை அதில் அடிக்கிறது.

குயவர் ஒற்றை ஆள், நாடகம் பல கைகள் என்று யாராவது கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். கூட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில் ‘கூடிவனைதல்’ என்று எழுதிக்கொள்ளலாம். வனைவரங்கு, வனைவோர் என்றும் வளரும்.

அதே குறிப்பில், நாடகம் பயிலும் இடம் என்ற பொருளில் வரும் ‘ஸ்டூடியோ’வுக்குப் ‘பயில்களம்’ என்று வைத்திருக்கிறேன். ஸ்டூடியோ என்று அப்படியே விட்டால் வாசகர் மனதில் கேமராதான் வருகிறது.

இந்த வாக்கியத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்: ‘மாணவர்கள் ஒரு பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு, பயில்களத்தில் பத்து நிமிட ஆற்றுகை ஒன்றை வனைவார்கள்.’ எங்கே இடறுகிறது? ‘உருவாக்குவார்கள்’ என்று போட்டால் இன்னும் சுலபமாக ஓடும், எனக்கும் தெரிகிறது. ஆனால் அதே பக்கத்தில் ஒளியமைப்பும் உடையும் துண்டறிக்கையும்கூட ‘உருவாக்கப்படுகின்றன’.