அப்பாவுக்கு மறதிநோய் ஆரம்பக் கட்டம்: எல்.பி.ஏ இன்னும் செய்ய முடியுமா?

ஈசூன்மகள்:
வணக்கம். அப்பாவுக்கு 78 வயது. முதுமை மறதிநோய், ஆரம்பக் கட்டம் என்று சொல்லியிருக்கிறார்கள். பேச்சு தெளிவு, ஆட்களைத் தெரிகிறது. தேதியும் கணக்கும்தான் குழம்புகின்றன. சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு அவர் பெயரில் மட்டும். எல்.பி.ஏ (மனத்திறன் போனபின் தன் சார்பில் முடிவெடுக்க ஒருவரை முன்கூட்டியே நியமிக்கும் பத்திரம்) செய்யவில்லை. தம்பி பெர்த்தில். அப்பாவின் வங்கிக் கணக்கில் அம்மா பெயரையும் சேர்த்துவிட்டால் போதாதா?

தேக்காவாசி:
போதாது. ஆனால் எல்.பி.ஏவுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

நோயின் பெயர் எழுதப்பட்டதால் மட்டும் உரிமை போய்விடாது. கையெழுத்திடும் வேளையில் அவருக்கு இது புரிகிறதா என்பதைத்தான் மனத்திறன் சட்டம் பார்க்கிறது: யாருக்கு அதிகாரம் தருகிறேன், எதற்காக, அது எப்போது நடப்புக்கு வரும், மனம் மாறினால் ரத்து செய்யலாமா. இன்று என்ன கிழமை என்று தெரியாவிட்டாலும் இதற்குச் சரியாகப் பதில் சொல்பவர்கள் உண்டு. அந்தப் புரிதலும் போய்விட்டால் குடும்ப நீதிமன்றத்தில் டெபுடி (நீதிமன்றமே நியமிக்கும் பிரதிநிதி) ஆணைதான். மருத்துவ அறிக்கை, பிரமாணப் பத்திரம் என்று மாதக் கணக்கில் இழுக்கும். என்ன அதிகாரம் என்பதையும் நீதிபதியே முடிவு செய்வார்.

முதலில் அப்பாவின் சிங்பாஸ் (அரசு இணையச் சேவைகளில் நுழைவதற்கான கணக்கு) வேலை செய்கிறதா பாருங்கள். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்: பழைய கைப்பேசி எண், மறந்த கடவுச்சொல். அது சரியானதும் பொதுக் காப்பாளர் அலுவலகத் தளத்தில் எல்.பி.ஏவுக்கான படிவம் 1. டோனீயாக (அப்பாவின் சார்பில் செயல்படுபவராக) நியமிக்கப்படுபவர்கள் 21 வயது நிரம்பியவர்களாக இருக்க வேண்டும். அவரவர் சிங்பாஸில் நுழைந்து சம்மதம் தெரிவித்த பிறகே, அப்பாவுக்கு எல்லாம் புரிகிறது என்று சான்றளிப்பவரிடம் போகலாம். தம்பி இன்றிரவே தன் சிங்பாஸைத் திறந்து பார்க்கட்டும்.

அங்கீகாரம் பெற்ற மருத்துவர், மனநல மருத்துவர், தொழில் செய்யும் வழக்கறிஞர் மூவரும் சான்றளிக்கலாம். உங்கள் நிலைமையில் செலவு கூடினாலும் மனநல மருத்துவரிடமே போங்கள். பின்னாளில் உறவினர் யாராவது கேள்வி எழுப்பினால் அவர் சான்றுக்குத்தான் கனம். நினைவாற்றல் கிளினிக் கடிதத்தை எடுத்துச் செல்லுங்கள். அப்பாவிடம் தனியாகப் பேசுவார்கள், நீங்கள் மொழிபெயர்க்க முடியாது. ஆகவே தமிழ் பேசுபவரா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். காலை நேரமாக வாங்குங்கள், மாலையில் குழப்பம் கூடும்.

படிவம் 1இல் இரண்டு டோனீ, ஒரு மாற்று டோனீ. ‘இருவரும் சேர்ந்தே’ என்று தேர்ந்தெடுத்தால் ஒவ்வொரு வங்கித் தாளுக்கும் பெர்த்துக்கு ஓட வேண்டும். ஒருவருக்கு ஏதாவது ஆனால் நியமனமே விழுந்துவிடலாம். ‘சேர்ந்தோ தனித்தனியாகவோ’ என்பதே நடைமுறைக்கு ஒத்துவரும். வீட்டை விற்பது பற்றிய கட்டத்தை மேலோட்டமாகக் கடந்து போகாதீர்கள். நீதிமன்ற ஒப்புதல் வேண்டும் என்று குறித்துவிட்டால், தாதிமை இல்லச் செலவுக்கு விற்க நினைக்கும்போது அதுவே தடையாக நிற்கும்.

செங்காங்_கணக்கர்:
கூட்டுக் கணக்கு பற்றி: அப்பாவுக்குத் திறன் போய்விட்டதாகத் தெரிந்தால் வங்கி அதை முடக்கலாம். வீடும் மசேநிதியும் (மத்திய சேமநிதிச் சேமிப்பு) அதில் வராது.

டோனீயால் அப்பாவுக்காக உயில் எழுதவோ மசேநிதி நியமனம் (இறந்தபின் அந்தப் பணம் யாருக்கு என்று குறிப்பது) செய்யவோ முடியாது. இரண்டையும் இப்போதே அவரே செய்ய வேண்டும். மசேநிதிப் பணத்துக்கு உயில் செல்லாது. திருமணத்துக்கு முன் செய்த நியமனம் திருமணத்தோடு ரத்து. நியமனமே இல்லையென்றால் பணம் பொது அறங்காவலர் வழியாக, சட்டம் சொல்லும் பங்கின்படி போகும்.

ஈசூன்மகள்:
நன்றி சார். கேர்ஷீல்டு லைஃப் (கடுமையான உடற்குறைக்கு மாதந்தோறும் பணம் தரும் காப்புறுதி) அப்பாவுக்கு இருக்குமா? பணிப்பெண் எடுக்கவும் யோசிக்கிறோம்.

பராமரிப்பாளர்77:
அக்கா, 1979 அல்லது அதற்கு முன் பிறந்தவர்களுக்கு அது விருப்பத் திட்டம்தான். 2002இல் விலகாமல் இருந்திருந்தால் அப்பாவிடம் எல்டர்ஷீல்டு (அதற்கு முந்தைய காப்புறுதி) இருக்கும். மாதம் 300 வெள்ளித் திட்டமென்றால் 60 மாதம், 400 என்றால் 72 மாதம். குளிப்பது, உடுத்துவது, உண்பது, கழிவறை, நடமாட்டம், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுவது ஆகிய ஆறில் மூன்றையாவது பிறர் உதவியின்றிச் செய்ய முடியாத நிலையில்தான் பணம் வரும். ஆரம்பக் கட்ட மறதிநோயில் உடம்பு ஓடியாடும், ஆகவே இப்போது விண்ணப்பித்தால் பெரும்பாலும் நிராகரிப்புதான். மெடிசேவ் கேரும் (மருத்துவச் சேமிப்பான மெடிசேவிலிருந்து மாதம் 200 வெள்ளி வரை, அம்மாவின் மெடிசேவிலிருந்தும் எடுக்கலாம்) அதே அளவுகோல்.

பணிப்பெண்ணுக்கு அந்தச் சிக்கல் இல்லை. அப்பா குடிமகன், 67 வயதைத் தாண்டியவர். வேலைக்கு எடுப்பவரோடு ஒரே முகவரியில் இருந்தால், பணிப்பெண்ணுக்காக அரசுக்குக் கட்டும் மாதத் தீர்வை 300 வெள்ளிக்குப் பதில் 60. உடல் மதிப்பீடு கேட்க மாட்டார்கள்.

தேக்காவாசி:
ஒன்று விட்டுப்போனது. எல்.பி.ஏ பதிவானதும் நீங்கள் உடனே வங்கிக்குப் போக முடியாது. அப்பா திறன் இழந்தார் என்ற மருத்துவச் சான்றோடுதான் அது நடப்புக்கு வரும். அதுவரை அவர் கையெழுத்துதான்.