தாத்தா வீடு (குடும்பக் குழு)

சுமதி சித்தி, 9:12
கவின், நீ சொன்ன பிரெஞ்சுப் படத்தை நேற்று ராத்திரி பார்த்துவிட்டோம். லே மிசராப்ள். அந்தப் பையன் முகத்தில் ரப்பர் குண்டு பட்டதும் சித்தப்பா டிவியை நிறுத்தச் சொன்னார். அப்புறம் அவரே போடச் சொன்னார்.

பெரியப்பா, 9:20
நானும் பார்த்தேன். போலீஸ் அராஜகத்தைப் பற்றிய படம் என்றாயே, பாதிப் படம் போலீஸ் காருக்குள்ளேயே ஓடுகிறது?

கவின், 9:24
எனக்குப் பிடித்ததே அதுதான் பெரியப்பா. 1995இல் வந்த லா ஏன் என்ற பிரெஞ்சுப் படத்தில் புறநகர்ப் பையன்கள் மூன்று பேரோடு சுற்றுவோம், போலீஸ் எதிர்ப்பக்கம். இதில் மூன்று போலீஸ்காரர்களோடு நம்மை உட்கார வைக்கிறார் இயக்குநர் லாஜ் லீ. அவர் கதை நடக்கிற பாரிஸ் புறநகர் மோன்ஃபெர்மெய் குடியிருப்பிலேயே வளர்ந்தவர். கோபம் இருந்தும் அந்தக் காருக்குள் ஏறிப் பார்த்திருக்கிறார்.

யாழினி, 9:27
அந்தப் பையனைச் சுட்ட போலீஸ்காரர் குவாதாவும் கறுப்பினத்தவர்தானே. ராத்திரி தன் அம்மா வீட்டில் உடைந்து அழுகிறார். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் மன்னிக்கத் தோன்றவில்லை.

சுமதி சித்தி, 9:31
பையனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய நேரத்தில், சுட்டதைப் படம்பிடித்த ட்ரோன் யாருடையது என்று தேடுகிறார்களே! வயிறு எரிந்தது. புதிதாக வந்த அந்தப் போலீஸ்காரர் ஒருவர்தான் மருந்துக் கடைக்காவது போனார்.

கவின், 9:33
லீயே 2008இல் அங்கே போலீசார் ஒருவரை அடித்ததைப் படம்பிடித்து வெளியிட்டவர் சித்தி. ட்ரோன் விடும் பையனாக நடித்திருப்பது அவருடைய சொந்த மகன்.

பெரியப்பா, 9:38
ஓ! 2005இல் பிரான்சில் நடந்த கலவரம் தொடங்கியது அந்தப் பக்கம்தானே?

கவின், 9:41
பக்கத்து ஊர், கிளிஷி-சூ-புவா. போலீசுக்குப் பயந்து துணை மின்நிலையத்துக்குள் ஒளிந்த இரண்டு சிறுவர்கள் மின்சாரம் தாக்கி இறந்தார்கள். கலவரம் மூன்று வாரம் நடந்தது. வழக்கில் இரண்டு போலீஸ்காரர்களுக்கும் 2015இல் விடுதலை.

பெரியப்பா, 9:44
பத்து வருஷம் காத்திருந்து அதுவா கிடைத்தது? பெற்றவர்கள் என்ன ஆனார்களோ.

யாழினி, 9:46
கடைசியில் மாடிப்படியில் பையன்களிடம் மாட்டிக்கொண்ட போலீஸ்காரர்கள் உதவிக்குத் தட்டுவது அந்த ட்ரோன் பையனின் கதவை. அவன் துளை வழியாகப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

சுமதி சித்தி, 9:47
நானாக இருந்தால் திறந்திருப்பேன்.

யாழினி, 9:48
அடிபட்ட பையனின் அம்மாவாக இருந்தாலுமா சித்தி?

சுமதி சித்தி, 9:55
இவ்வளவு நேரம் அதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன். தாழ்ப்பாளில் கை வைத்திருப்பேன் யாழினி. அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை.