வங்காளக் கையெழுத்து: கூட்டெழுத்துள்ள சொற்களை மட்டும் கணினி படிக்க மறுக்கிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். வங்காளத்தில் கையால் எழுதிய சொற்களைக் கணினி படிக்க ஒரு மாதிரியைப் பயிற்றுவிக்கிறேன். தரவு, 260 பேர் எழுதிய 21,234 சொற்கள் கொண்ட 'பாங்ளாரைட்டிங்' தொகுப்பு. படத்தைத் துண்டு துண்டாகப் படிக்கும் சி.ஆர்.என்.என். நரம்பு வலையமைப்பு, எந்தத் துண்டில் எந்த எழுத்து என்று சொல்லாமலே பிழையை அளக்கும் சி.டி.சி. இழப்பு, பைடார்ச் மென்பொருள். படங்களின் உயரம் 32 பிக்சல். அகலம் சொல்லுக்குச் சொல் மாறும். வலையமைப்பு அதை எட்டில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. 'மா', 'பாபா' போன்ற எளிய சொற்கள் சரியாக வருகின்றன. கூட்டெழுத்து (மெய்கள் ஒட்டி ஒரே வடிவமாக எழுதப்படுவது) வந்தால் குளறுபடிதான். முதலில் இழப்பு முடிவிலிக்குப் போனதால் 'ஸீரோ இன்ஃபினிட்டி' தேர்வை இயக்கினேன். இப்போது இழப்பு சீராக இறங்குகிறது, ஆனால் பலன் இல்லை.

பதில் 1:
தலைக்கோடான மாத்ராவை அழித்துவிட்டு எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டிப் பாருங்கள். அச்செழுத்துக்கு நல்ல வழி.

பதில் 2:
கையெழுத்துக்கு அது ஒத்துவராது. பலர் மாத்ராவை அரைகுறையாக இழுப்பார்கள், சிலர் போடவே மாட்டார்கள். நீங்கள் இயக்கிய தேர்வைத்தான் சந்தேகிக்கிறேன். லேபிளில் (படத்துக்கான சரியான விடை) உள்ள குறிகளின் எண்ணிக்கையைவிட நேரக்கட்டங்கள் (சுருங்கிய படத்தின் அகலத் துண்டுகள்) குறைந்தால் சி.டி.சி. இழப்பு முடிவிலியாகும். அந்தத் தேர்வு அதைப் பூச்சியமாக்கிவிடும். அதாவது அந்தச் சொற்களிலிருந்து மாதிரி எதையும் கற்பதில்லை. 'ஸ்வாதந்த்ர்ய' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் 12 குறிகள். தாளிலோ மூன்றே அட்சரங்கள் (ஒரே கட்டாக எழுதப்படும் எழுத்துத் தொகுதிகள்), கடைசியில் ந, த, ர, ய நான்கும் ஒரே கட்டாக நெருக்கியிருக்கும். அந்தப் படத்தின் அகலம் எவ்வளவு?

கேட்டவர்:
84 பிக்சல். எட்டால் வகுத்தால் 10 கட்டம்தான் வருகிறது! இப்படிக் கட்டம் போதாத சொற்களைப் பட்டியலிட்டேன், பெரும்பாலும் கூட்டெழுத்துச் சொற்களே. அட்சரம் முழுவதையும் ஒரு வகுப்பாக, அதாவது மாதிரி அடையாளம் காணும் ஒரே அலகாக, வைத்துவிடலாமா?

பதில் 2:
வேண்டாம். உயிர்க்குறிகளோடு பெருக்கினால் வகுப்புகள் எக்கச்சக்கமாகும், பல அட்சரங்களுக்கு ஓரிரு மாதிரிப் படங்களே தேறும். கூட்டெழுத்தை ஒரே அலகாக்குங்கள், உயிர்க்குறியைத் தனியே விடுங்கள். படத்தைச் சுருக்கும் பூலிங் அடுக்குகளில் கடைசி இரண்டை உயரத்தில் மட்டும் சுருக்க விட்டால் அகலம் நான்கில் ஒரு பங்காக நிற்கும், உங்களுக்கு 21 கட்டம் கிடைக்கும். பிறகு அந்தத் தேர்வை அணைத்துவிடுங்கள்; முடிவிலி வந்தால் அது கண்ணில் படட்டும்.

இன்னொன்று, குறிகளின் வரிசை. நம் 'கெ' போல வங்காளத்தில் ஏ-கார் (ஏ உயிர்க்குறி) மெய்க்கு இடப்புறம் நிற்கும். இ-காரும் அப்படியே, தமிழில் அது வலப்புறம். யூனிகோடோ இரண்டையும் மெய்க்குப் பின்னால் சேமிக்கிறது. சி.டி.சி. இடமிருந்து வலமாகவே நகரும். ஆகவே லேபிளைக் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் மாற்றிப் பயிற்றுவித்து, வெளியீட்டில் திருப்பிவிடுங்கள். மெய்யின் இருபுறமும் நிற்கும் ஓ-காரை இரண்டாகப் பிரியுங்கள்.

பதில் 3:
அதற்கு முன் எல்லா லேபிள்களையும் என்.எஃப்.சி. எனும் யூனிகோடின் சீர்மை வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். ஓ-கார் ஒரே குறியாகவும் இரண்டு குறிகளாகவும் கோப்புகளில் கலந்திருக்கும். புள்ளியிட்ட 'ய' இதற்கு நேரெதிர்: என்.எஃப்.சி. அதை இரண்டாகவே பிரித்து வைக்கும். இதைக் கவனிக்காவிட்டால் சரியாகப் படித்த சொல்லும் பிழைக் கணக்கில் சேரும்.

கேட்டவர்:
புது லேபிள்களோடு பயிற்சி ஓடுகிறது. 'ஸ்வாதந்த்ர்ய' முழுதாக வந்துவிட்டது. மிக்க நன்றி ஐயா!

பதில் 2:
மகிழ்ச்சி. சோதனைத் தொகுப்பை எழுதியவர் வாரியாகப் பிரித்தீர்களா? ஒருவரின் கையெழுத்தே பயிற்சியிலும் சோதனையிலும் இருந்தால் இந்த முன்னேற்றத்தை நம்ப முடியாது.