போட்டி ரோபோவுக்குச் சொந்தமாகச் சென்சார் இணைப்புப் போர்டு: வடிவமைப்பை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி

வணக்கம். எங்கள் அணி உருவாக்கிவரும் போட்டி ரோபோவில் நான்கு சக்கர மோட்டார்களுக்கும் தலா ஒரு குவாட்ரேச்சர் என்கோடர் (சுழற்சியையும் திசையையும் ஏ, பி என்ற இரண்டு துடிப்பு வரிசைகளாகத் தரும் சென்சார்), தூரம் அளக்க மூன்று விஎல்53எல்0எக்ஸ் சென்சார்கள், கையின் எல்லைகளை உணர ஆறு லிமிட் சுவிட்சுகள், கையின் கோணத்துக்கு ஒரு பொட்டென்ஷியோமீட்டர் ஆகியவை இருக்கின்றன. தூரச் சென்சார்கள் நேராக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியுடனும் (சுருக்கமாக 'பை'), மற்றவை ஆர்டுயினோ யூனோ என்ற மைக்ரோகன்ட்ரோலர் (சிறு கட்டுப்பாட்டுச் சிப்) போர்டுடனும் பிரெட்போர்டு, ஜம்பர் வயர் வழியாக இணைக்கப்பட்டுள்ளன. பைக்குத் தனி பவர்பேங்க் உண்டு. மற்ற அனைத்துக்குமான 5 வோல்ட்டை மோட்டார்களின் 12 வோல்ட் பேட்டரியிலிருந்தே ஒரு 7805 ரெகுலேட்டர் மூலம் எடுக்கிறோம்.

ரோபோவைத் தூக்கி வைத்துச் சக்கரங்களைச் சுழற்றினால் எல்லா அளவீடுகளும் சரியாக வருகின்றன. தரையில் இறக்கி வேகமாகத் திருப்பினாலோ, பொட்டென்ஷியோமீட்டரின் அளவீடு தாவுகிறது, சில சமயம் ஆர்டுயினோ ரீசெட் ஆகிறது, தூரச் சென்சார்கள் பதில் தருவதை நிறுத்திவிட்டு பையின் நிரலை மறுபடி தொடங்கிய பிறகே மீள்கின்றன. இவை அனைத்தையும் ஒரே போர்டுக்குள் கொண்டுவர விரும்புகிறோம். எந்த மைக்ரோகன்ட்ரோலரைத் தேர்ந்தெடுப்பது, தரவைப் பைக்கு எந்த வழியில் அனுப்புவது, இரண்டு செப்பு அடுக்குப் போர்டு போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1

மைக்ரோகன்ட்ரோலரைப் பற்றி யோசிப்பதற்கு முன், நீங்கள் சொல்லும் கோளாறுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் அதே கோளாறுகள் புதிய போர்டிலும் வந்து குடியேறும். சக்கரங்கள் காற்றில் சுற்றும்போது மோட்டார்கள் இழுக்கும் மின்னோட்டம் மிகக் குறைவு. தரையில் திசை மாற்றும் கணத்தில்தான் அது பல மடங்கு உயர்ந்து, பேட்டரியின் மின்னழுத்தத்தையும் கீழே இழுக்கிறது. 7805 ஒழுங்காக வேலை செய்ய உள்ளே வரும் மின்னழுத்தம் ஏறத்தாழ 7 வோல்ட்டாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் 5 வோல்ட்டும் கூடவே சரியும். ஆர்டுயினோ ரீசெட் ஆவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். ஆசிலோஸ்கோப்பை 5 வோல்ட் இணைப்பில் வைத்து, ரோபோவைத் திருப்பும்போது அளந்து பாருங்கள்.

பொட்டென்ஷியோமீட்டர் தாவுவது வேறு கதை. மோட்டார்களின் மின்னோட்டம் பேட்டரிக்குத் திரும்பும் அதே கிரவுண்டு வயரில் சென்சாரின் கிரவுண்டும் சேர்ந்திருக்கிறது என்று ஊகிக்கிறேன். அந்த வயரின் மின்தடை 10 மில்லி ஓம் என்றே வைத்துக்கொள்வோம். அதில் 20 ஆம்பியர் பாய்ந்தால் இரு முனைகளுக்கும் இடையே 0.2 வோல்ட் வேறுபாடு உண்டாகும். யூனோவின் 10 பிட் ஏடிசியில் (மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் பகுதி) ஒரு படி ஏறக்குறைய 4.9 மில்லி வோல்ட் என்பதால், கை அசையாமலேயே அளவீடு 40 படிகள் நகர்ந்துவிடும். இதை எந்த ஃபில்டரும் முழுமையாகச் சரிசெய்யாது. வயரிங்கைத்தான் மாற்ற வேண்டும்.

ஆகவே புதிய போர்டுக்கு பேட்டரி முனையிலிருந்து தனியாக ஒரு ஜோடி வயரைக் கொண்டுவாருங்கள். நுழைவாயிலில் ஒரு ஷாட்கி டயோடும், அதையடுத்து ஒரு பெரிய மின்தேக்கியும், திடீர் மின்னழுத்த உச்சங்களை அடக்கும் டிவிஎஸ் டயோடும் இருக்கட்டும். பேட்டரி ஒரு கணம் தாழும்போது மின்தேக்கியில் உள்ள மின்னூட்டம் மோட்டார் பக்கம் திரும்பி ஓடாமல் ஷாட்கி தடுக்கும். 7805-க்குப் பதிலாக, குறைந்த உள்ளீட்டிலும் இயங்கக்கூடிய பக் கன்வர்ட்டரால் (மின்னழுத்தத்தைக் குறைக்கும் சுற்று) 5 வோல்ட்டை உண்டாக்கி, அதிலிருந்து சிறிய ரெகுலேட்டர் மூலம் 3.3 வோல்ட்டை எடுங்கள். பொட்டென்ஷியோமீட்டருக்கு ஏடிசியின் ரெஃபரன்ஸ் (அது ஒப்பிடும் மின்னழுத்தம்) எதுவோ அதே மின்னழுத்தத்தையே கொடுங்கள். அது சற்று ஏறி இறங்கினாலும் விகிதம் மாறாது. ஏடிசியின் உள்ளீட்டில் 1 கிலோ ஓம் மின்தடையும் 100 நானோ ஃபாரட் மின்தேக்கியும் வைத்தால், ஏறக்குறைய 1.6 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட இரைச்சல் படிப்படியாக அடங்கும்.

பதில் 2

மின்சாரத்தைப் பற்றி மேலே சொன்னதை ஏற்கிறேன். தூரச் சென்சார்கள் குறித்து ஒன்று: விஎல்53எல்0எக்ஸ் எல்லாமே 0எக்ஸ்29 என்ற ஒரே ஐ2சி (சிப்கள் இரண்டு வயர்களில் பேசும் பஸ்) முகவரியுடன்தான் விழிக்கும் என்பதால், எக்ஸ்ஷட் (சென்சாரை அணைத்து வைக்கும்) பின் மூலம் ஒவ்வொன்றாக எழுப்பி முகவரியை மாற்றியிருப்பீர்கள். அந்த மாற்றம் மின்சாரம் இருக்கும் வரைதான் நிலைக்கும். 5 வோல்ட் ஒரு கணம் சரிந்தால் மூன்றும் பழைய முகவரிக்கே திரும்பிவிடும். தனி பவர்பேங்கில் ஓடும் பைக்கு அது தெரியாது, பழையபடி புதிய முகவரிகளையே அழைத்துக்கொண்டிருக்கும். பதில் வராவிட்டால் எக்ஸ்ஷட்டைத் தாழ்த்தி முழுத் தொடக்க வரிசையையும் மறுபடி ஓட்டும்படி நிரலை எழுதுங்கள். ஐ2சி பஸ்ஸின் மொத்த மின்தேக்குத்திறன் 400 பிகோ ஃபாரட்டைத் தாண்டக்கூடாது என்பதால் வயர்களையும் குட்டையாக வையுங்கள்.

இனி என்கோடர். உதாரணமாக, ஒரு சுற்றுக்கு 1024 துடிப்புகள் தரும் என்கோடர் 6000 ஆர்பிஎம் வேகத்தில் சுழலும் மோட்டார் அச்சில் இருந்தால், ஒரு துடிப்புக்கு ஏ, பி இரண்டிலும் சேர்த்து நான்கு மாற்றங்கள் வீதம் நொடிக்கு 4,09,600 மாற்றங்கள் வரும், அதாவது 2.4 மைக்ரோ நொடிக்கு ஒன்று. 16 மெகா ஹெர்ட்ஸில் ஓடும் யூனோவுக்கு அந்த இடைவெளியில் 39 கிளாக் சுழற்சிகள்தான் கிடைக்கும், அதுவும் ஒரே ஒரு மோட்டாருக்கு. ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிரலை இடைநிறுத்தும் இன்டரப்ட் வைத்து எண்ணும் முறை இங்கே எடுபடாது. எஸ்டிஎம்32எஃப்103 போன்ற சிப்பில் டைமர்களே வன்பொருளாக எண்ணிக்கொள்ளும். 48 பின் வகையில் அப்படிப்பட்ட டைமர்கள் நான்கு இருப்பது உங்களுக்குச் சரியாகப் பொருந்துகிறது.

ஆனால் பின் ஒதுக்கீட்டை முதலிலேயே தாளில் போட்டுப் பாருங்கள். நான்காம் டைமரின் பிபி6, பிபி7 பின்கள்தான் முதல் ஐ2சிக்கும் உரியவை. எனவே பிபி10, பிபி11-இல் உள்ள இரண்டாம் ஐ2சியை எடுத்துக்கொள்ளுங்கள். பிஏ0 முதல் பிஏ7 வரையுள்ள பின்கள் 5 வோல்ட்டைத் தாங்கா. இரண்டாம், மூன்றாம் டைமர்கள் அந்த வரிசையில்தான் வருகின்றன. ஆகவே 5 வோல்ட் என்கோடர்களுக்கு நடுவே 3.3 வோல்ட்டில் இயங்கும் 74எல்விசி14 இன்வர்ட்டர் (சமிக்ஞையைத் தலைகீழாக்கும்) சிப்கள் இரண்டை வையுங்கள். அது மின்னழுத்தத்தையும் குறைக்கும், விளிம்புகளையும் சுத்தமாக்கும். ஏ, பி இரண்டும் சேர்ந்தே தலைகீழாவதால் திசை மாறாது.

தரவைப் பைக்கு அனுப்ப, பல போர்டுகள் இரண்டு வயர்களைப் பகிர்ந்து பேசும் கேன் பஸ்ஸைப் பரிந்துரைக்கிறேன். நான்கு 16 பிட் எண்ணிக்கைகளும் ஒரே 8 பைட் ஃபிரேமில் (ஒரு கேன் செய்தியில்) கச்சிதமாக அடங்கிவிடும். பஸ்ஸின் இரு முனைகளிலும் 120 ஓம் மின்தடை இருக்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டு வயர்களுக்கும் இடையே மல்டிமீட்டரில் 60 ஓம் காட்டினால் வயரிங் பெரும்பாலும் சரி. இந்தச் சிப்பில் யுஎஸ்பியும் கேனும் ஒரே நினைவகத்தைப் பகிர்வதால் இரண்டையும் ஒரே சமயத்தில் பயன்படுத்த முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அளந்து பார்த்தோம்; திசை மாற்றும் கணத்தில் 5 வோல்ட் இணைப்பு 2.5 வோல்ட் வரை இறங்குகிறது. சென்சார்கள் நின்ற பிறகு ஐ2சியை ஸ்கேன் செய்தால் 0எக்ஸ்29 மட்டுமே தெரிகிறது. ஒரு சந்தேகம்: எங்கள் போர்டு பைக்கு ஒரு சாண் தூரத்தில்தான் இருக்கப்போகிறது, பையிலோ கேன் கிடையாது. அப்படியிருக்க கேன் அவசியமா?

பதில் 3

அவசியமில்லை என்பது என் கருத்து. இந்த ஓர் இடத்தில் முந்தைய பதிலிலிருந்து மாறுபடுகிறேன். ரோபோவின் பல மூலைகளில் பல போர்டுகள் இருந்தால் கேனுக்கு ஈடில்லை. ஒரு சாண் தூரத்தில் ஒரே ஒரு போர்டு என்றால், பிஏ2, பிஏ3 பின்களில் உள்ள சீரியல் இணைப்பைப் பையுடன் நேராகச் சேர்த்துவிடலாம், இரண்டுமே 3.3 வோல்ட்தான். ஒவ்வொரு செய்திக்கும் ஒரு வரிசை எண்ணும் சிஆர்சியும் (பிழை கண்டறியும் சரிபார்ப்பு எண்) சேருங்கள். வரிசை எண் தாவினால் தரவு தொலைந்தது உடனே தெரியும். கேன் டிரான்ஸீவர் (கேன் வயர்களுடன் பேசும்) சிப்புக்கான இடத்தை மட்டும் போர்டில் காலியாக விட்டுவையுங்கள்.

நான்கு அடுக்குக்கு வாய்ப்பிருந்தால் அதையே எடுங்கள். இரண்டு அடுக்கிலும் முடியும், ஆனால் கீழ் அடுக்கு முழுவதையும் உடையாத கிரவுண்டாக விட்டுவிட வேண்டும். "இந்த ஒரு டிரேஸ் (செப்புக் கோடு) மட்டும்" என்று அதைக் கீறத் தொடங்கினால் முடிவே இருக்காது.

போட்டியில் கவிழ்ப்பவை சிப்களைவிடக் கனெக்டர்களே. ஜம்பர் வயர்கள் அதிர்வில் கழன்றுவிடும். ஜேஎஸ்டி எக்ஸ்எச் போலத் தவறான திசையில் செருக முடியாத வகையைப் போடுங்கள். சென்சாருக்குச் சென்சார் பின் எண்ணிக்கையையும் மாற்றிவிட்டால், அவசரத்தில் ஒன்றை மற்றொன்றின் இடத்தில் செருக முடியாது. லிமிட் சுவிட்சுகளை, அழுத்தாதபோது மூடியிருக்கும் தொடர்பில் இணையுங்கள். வயர் அறுந்தாலும் எல்லையைத் தொட்டதாகவே காட்டி, கை நின்றுவிடும். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒவ்வொரு மின்னழுத்தத்துக்கும் ஓர் எல்இடி வைத்தால், இரண்டு ஆட்டங்களுக்கு நடுவே மடிக்கணினியைத் திறக்காமலேயே கோளாறைக் கண்டுபிடிக்கலாம். உங்கள் போட்டியின் விதிப்புத்தகத்தில் அணிகள் சொந்தமாகச் செய்யும் மின்சுற்றுகளைப் பற்றிய பகுதியையும் இப்போதே படித்துவிடுங்கள்.

போர்டை ஆர்டர் செய்வதற்கு முன், அதன் வரைபடத்தை உண்மையான அளவில் அச்சிட்டு அட்டையில் ஒட்டி, கனெக்டர்களைக் குத்தி, ரோபோவில் பொருத்திப் பாருங்கள். புரோகிராமிங் கனெக்டருக்குக் கையின் மோட்டாரைக் கழற்றாமல் விரல் எட்டுகிறதா என்பது திரையில் பார்த்தால் தெரியாது.