கண் சாலையில்தான் இருந்தது

போன மாதம் நடந்தது. இன்னும் மனது ஆறாததால் எழுதுகிறேன். காரில் தனியாக வந்துகொண்டிருந்தபோது தங்கை அழைத்தாள், அப்பாவின் ரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்ல. போன் கையில் இல்லை, புளூடூத்தில்தான் பேசினேன். இரண்டு கையும் ஸ்டியரிங்கில், கண் நேராகச் சாலையில், வேகம் 40-க்குள். திடீரென்று நீளமாக ஒரு ஹாரன். பதறி பிரேக்கை மிதித்த பிறகுதான் தெரிந்தது, சிவப்பு விளக்கைத் தாண்டிச் சந்திப்பின் நடுவே வந்திருந்தேன். முன்னால் ஒரு முழம் தள்ளி, சைக்கிளோடு காலை ஊன்றி ஒரு பையன் நின்றிருந்தான். அடி ஏதும் படவில்லை. அவன் முகம் மட்டும் இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

சிக்னல் இருந்த பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் உள்ளே ஓடியதெல்லாம் அப்பாவின் சர்க்கரை அளவு. அமெரிக்காவில் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயரின் ஆய்வுக் குழு, கார் ஓட்டுவது போலவே இருக்கும் சிமுலேட்டர் கருவியில் ஆட்களை ஓட்டவைத்துச் சோதித்தபோதும் இதையே கண்டார்கள். போனைக் கையில் பிடித்துப் பேசினாலும் பிடிக்காமல் பேசினாலும் கவனம் ஒரே மாதிரிதான் சிதறுகிறது. கண் நேராகப் பட்ட பொருள்கூடப் பலருக்கு நினைவில் நிற்கவில்லை.

* * *

பக்கத்தில் ஆள் இருந்து பேசுவது வேறு என்று எனக்குத் தோன்றும். குறுக்கே லாரி வந்தால் என் மனைவி பேச்சைப் பாதியில் விட்டு "பாத்து, பாத்து" என்பாள். போனில் இருப்பவருக்கு லாரி தெரியாதே! நாம் வாயை மூடினால் "ஹலோ, இருக்கியா?" என்று இன்னும் சத்தமாகக் கேட்பார். மெசேஜ் பார்ப்பது இதைவிட மோசம். 80 கிலோமீட்டர் வேகத்தில் 2 வினாடி குனிந்தால் வண்டி 44 மீட்டர் ஓடிவிடும்.

* * *

நான் வேறு ஆள். வண்டி ஓட்டியவன் அல்ல, போனின் மறுமுனையில் இருந்தவன். அண்ணன் வண்டி ஓட்டுகிறார் என்று தெரிந்தும், "ஒரு நிமிஷம்தான்" என்று சொல்லிப் பேசிக்கொண்டே இருந்தேன். டயர் தேய்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஏதோ மோதும் சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. "அண்ணா, அண்ணா" என்று கத்தினேன். யாரோ ஒருவர் போனை எடுத்துப் பேசும்வரை எனக்கு உயிரே இல்லை. கால் எலும்பு முறிந்து நான்கு மாதம் படுக்கையில் கிடந்தார். என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை.

இப்போது யாரை அழைத்தாலும் முதலில் "வண்டியில இருக்கீங்களா?" என்றுதான் கேட்கிறேன். ஆமாம் என்றால் உடனே வைத்துவிடுகிறேன்.