நீக்கினேன், நீங்கவில்லை

உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் விஎஸ்எஃப்டிபிடி என்ற கோப்புப் பரிமாற்றச் சேவையகத்தை நிறுவி, குழப்பி, நீக்கி, மறுபடி நிறுவி, ஒரு மாலைப் பொழுதைத் தொலைத்த கதை இது.

நிறுவுவதில் சிக்கலே இல்லை. ‘சூடோ ஆப்ட் இன்ஸ்டால்’, பிறகு பொதியின் (பேக்கேஜின்) பெயர். தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் முடிந்திருந்தது. பயனர்கள் தங்கள் வீட்டு அடைவை (தங்களுக்கான ஹோம் ஃபோல்டரை) தாண்டி உலவக் கூடாது என்று அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றினேன். அதன் பிறகு யாராலும் உள்நுழைய முடியவில்லை. ‘500 ஊப்ஸ்’ என்று தொடங்கும் பிழைச் செய்தி வந்தது. எழுதும் அனுமதி உள்ள அடைவுக்குள் பயனரைப் பூட்டிவைத்து இயங்க மாட்டேன் என்பது அதன் பொருள். காரணம் அதிலேயே இருந்தது. நானோ பாதியில் படிப்பதை நிறுத்திவிட்டு, கண்ணில் பட்ட வரிகளையெல்லாம் கோப்பில் ஒட்டினேன். கோப்பு கந்தரகோளமானது.

சரி, நீக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்று ‘ரிமூவ்’ கொடுத்தேன். மறுபடி நிறுவினேன். பழைய குருடி கதவைத் திறடி என்று அதே 500 வந்து நின்றது. இன்னொரு முறை நீக்கி நிறுவினேன், மாற்றமில்லை. கோபத்தில் மூன்றாம் முறை நீக்கியபின், அமைப்புக் கோப்புகள் இருக்கும் ஈடிசி அடைவில் கிடந்த அமைப்புக் கோப்பையும் கையால் அழித்தேன். நிறுவினேன். இப்போது சேவையே எழவில்லை. அமைப்புக் கோப்பைக் காணவில்லை என்றது!

பிறகுதான் புரிந்தது. ‘ரிமூவ்’ நிரலை மட்டுமே எடுக்கும். ஈடிசியில் உள்ள அமைப்புக் கோப்பை விட்டுவைக்கும். நீக்கியபின், ஆப்டுக்கு அடியில் பொதிகளை நிர்வகிக்கும் டிபிகேஜியின் ‘டிபிகேஜி -எல்’ பட்டியலைப் பார்த்திருந்தால், பொதியின் பெயருக்கு முன்னால் ஆர், சி என்ற இரண்டு எழுத்துகள் இருந்திருக்கும்: நீக்கப்பட்டது, அமைப்பு மிச்சம் இருக்கிறது என்று பொருள். அந்தக் கோப்பை நாமே அழித்தால், வேண்டுமென்றே செய்ததாக டிபிகேஜி எடுத்துக்கொள்கிறது. மறுபடி நிறுவினாலும் திருப்பி வைக்காது. அதன் மரியாதை எனக்கு வினையாகிவிட்டது. அமைப்புக் கோப்பையும் சேர்த்து நீக்கும் ‘பர்ஜ்’ கொடுத்து நிறுவியதும் புத்தம் புதிய கோப்பு வந்தது. வீட்டு அடைவின் எழுதும் அனுமதியை எடுத்துவிட்டு, உள்ளே ஒரு துணை அடைவு உருவாக்கி அதற்கு மட்டும் அனுமதி கொடுத்தேன். ஐந்து நிமிட வேலை.

உங்களுக்கும் இப்படி நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

மறுமொழி 1

பர்ஜ் எல்லாவற்றையும் துடைத்துவிடும் என்று நம்பித்தான் நான் மாட்டிக்கொண்டேன். பழைய மடிக்கணினியை வேறொருவரிடம் கொடுக்குமுன், சேவையகங்களோடு கோப்புகளைப் பரிமாறும் ஃபைல்ஸில்லா நிரலை பர்ஜ் செய்தேன். ‘ஆட்டோரிமூவ்’ கொடுத்து, துணைக்கு வந்த பொதிகளையும் அனுப்பிவைத்தேன். ஆனால் பர்ஜ் வீட்டு அடைவுக்குள் கை வைப்பதில்லை. அங்கே மறைந்திருக்கும் ‘.கான்ஃபிக்’ அடைவில், நான் சேமித்த தளங்களின் பட்டியல் கடவுச்சொற்களோடு அப்படியே இருந்தது. மாஸ்டர் கடவுச்சொல் வைக்காதவரை அவை வெறும் பேஸ்64 எழுத்துகள்தான், அதாவது உரு மாற்றி எழுதியவை, மறையாக்கம் அல்ல. ஒரே கட்டளையில் பிரித்துவிடலாம். அது பூட்டு அல்ல, திரைச்சீலை. தற்செயலாக அந்த அடைவைத் திறந்து பார்த்ததால் தப்பித்தேன். இல்லாவிட்டால் சேவையகச் சாவிகளையும் சேர்த்தே கொடுத்திருப்பேன்.

மறுமொழி 2

முதலில் எழுதிய நண்பரே, விஎஸ்எஃப்டிபிடி பயன்படுத்தும் எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற நெறிமுறை எதற்கு? 1985-இல் வந்த ஆர்எஃப்சி 959 என்ற இணையத் தர ஆவணத்தின் நெறிமுறை அது. கூடுதல் குறியாக்கம் சேர்க்காவிட்டால் கடவுச்சொல் வெற்று எழுத்தாகவே போகும். தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் சேவையகம் ஏற்கெனவே ஓடுகிறது என்றால், மறையாக்கத்தோடு கோப்பு அனுப்பும் எஸ்எஃப்டிபி அதனுடனேயே இருக்கிறது. தனியாக ஒன்றும் நிறுவ வேண்டியதில்லை.

முதலில் எழுதியவர்

உங்கள் பேச்சைக் கேட்டு நேற்று மாறிவிட்டேன். விஎஸ்எஃப்டிபிடிக்கு ஐந்தாம் முறையாக விடை கொடுத்தேன், இந்த முறை நேரே பர்ஜ். எஸ்எஃப்டிபியிலும் பயனர்களை அவரவர் அடைவுக்குள் பூட்டப் பார்த்தேன். இணைந்த வேகத்தில் துண்டித்துவிட்டது. பூட்டும் அடைவு ரூட்டுக்கு (முழு அதிகாரமுள்ள நிர்வாகப் பயனருக்கு) சொந்தமாக இருக்க வேண்டுமாம், வேறு யாருக்கும் அதில் எழுதும் அனுமதி கூடாதாம். ஏறத்தாழ அதே பிடிவாதம்! ஆனால் இம்முறை நான் எதையும் நீக்கவில்லை. பிழைகள் எழுதப்படும் பதிவுக் கோப்பைத் (லாக்) திறந்து கடைசி வரி வரை படித்தேன்.